ஒரு டீ சொல்லு பிள்ள

"ஒரு டீ சொல்லு பிள்ள" என்று அவர் சொன்னால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். துறைமுகம் போகிற எங்கள் ரோட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த அத்தனை கடைக்கும் தெரிந்த வழக்கம் இது. ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, லாரி புக்கிங் ஆபீஸ், நான் வேலை பார்க்கிற ஃப்ளெக்ஸ் கடை, எங்கே ரிப்பேர் பார்க்க வந்தாலும் முதலில் மானிட்டரைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொள்வார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கறுப்பு ரெக்ஸின் பையின் ஜிப்பைப் பாதி மட்டும் திறப்பார். அப்புறம் நிமிர்ந்து பார்த்து அந்த ஒரு வாக்கியம். நாம் டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். டீயை அவர் தொடவே மாட்டார். அது மேஜை மேலேயே ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். சாயங்காலம் நான் கொண்டுபோய் வாசலில் ஊற்றுவேன்.

கடையில் சேர்ந்த புதிதில், மனுசனுக்குச் சர்க்கரை போலிருக்கிறது, வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்து, சீனி போடாத டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை அக்கா அதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏளா, கோட்டி! அவருக்கு டீயே ஆகாது. குடிச்சா நெஞ்சு எரியும்பாரு. ஒன்னய வெளிய அனுப்ப அது ஒரு சாக்கு."

"என்னய எதுக்கு வெளிய அனுப்பணும்?"

"பக்கத்துல நின்னா நீ பாத்துப் படிச்சிருவேல்லா."

அன்றைக்கு எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

ஒரு நாள் வேண்டுமென்றே போகாமல் நின்றேன். என்னதான் செய்கிறார் பார்ப்போமே என்று ஒரு வீம்பு. "ஒரு டீ சொல்லு பிள்ள" என்றார். சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் கோபப்படவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். ஏதோ ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி அப்படி ஓர் அமைதி. வாசலில் காதணி விழா ஃப்ளெக்ஸுக்கு ஆள் வந்து காத்துக்கிடக்கிறார்கள். கடைசியில் முதலாளி அண்ணாச்சிதான் கல்லாவிலிருந்து கத்தினார்.

"ஏளா, அவரு டீ சொல்லச் சொன்னாருல்லா? மரம் மாதிரி நிக்கே? போயேன்!"

போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் ஓடியது. காலண்டரைப் பார்த்த அதே முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கள்ளம் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் கிடக்கிறது.

ஆள் பார்க்க நன்றாக இருப்பார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நாசரேத் பக்கத்துக்காரர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக பென்சில் அழிக்கிற ரப்பர் ஒன்று இருக்கும். எங்கள் ஊர்க் காற்று கம்ப்யூட்டருக்கு எமன். ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் துறைமுகத்துக் கரித்தூசி. ஒயர் சொருகுகிற இடமெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்துப்போகும். அவர் அந்த ரப்பரை வைத்து, பச்சைப் பிள்ளைக்குக் காது துடைக்கிற மாதிரி மெதுவாகத் தேய்ப்பார். அதை மட்டும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்கு டீ கிடையாது.

நல்லது செய்யவில்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வெள்ளம் வந்த வருஷம் முதலாளி அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டார். கடைக்குள் முட்டளவுத் தண்ணீர். இவர்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து, பூட்டை உடைத்து, எங்கள் கம்ப்யூட்டரைத் தலையில் தூக்கிப் பரண் மேல் ஏற்றினார். எங்களுடையதை மட்டும் இல்லை, அந்த ரோட்டில் எல்லாருடையதையும். தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் கடையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, டேபிள் ஃபேனை வைத்துக் காயவைத்தார். காசு என்ன கொடுத்தாலும் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வார். அவருக்குக் காசு ஒரு பொருட்டே இல்லை.

அந்தக் காயவைத்த நாட்களில்தான், ஒரு மத்தியானம், யாரும் கேட்காமல் அவரே சொன்னார். முதலாளி அண்ணாச்சியும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

"ஹார்பர்ல ஒரு ஏஜென்ட் ஆபீஸ்ல இருந்தேன் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. ஒரு பையன் வந்தான். அண்ணே அண்ணேன்னு காலச் சுத்துவான். பாவம்னு எல்லாத்தயும் சொல்லிக் குடுத்தேன். சொல்லிக் குடுத்த மறு மாசம், இனி நீங்க வர வேண்டாம்னுட்டாங்க. என் நாற்காலியிலயே அவன உக்காத்தி வச்சுட்டாங்க."

"அட சவத்த விடுங்க வே" என்றார் முதலாளி.

"விட்டாச்சு அண்ணாச்சி" என்றார் அவர். அப்புறம் ரப்பரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் வீட்டிலிருந்து அவருக்கு மீன் குழம்பு கொண்டுபோனேன்.

ஆனால் அந்த ரோட்டில் அவரை மீறி யாரும் எதையும் செய்துவிட முடியாது. ஜெராக்ஸ் கடை அக்கா ஒரு தடவை அவசரத்துக்கு வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாள். அவ்வளவுதான். அவர் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா கடை வாசலைத் தாண்டும்போது மட்டும் எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார். அடுத்த முறை பழுதானபோது வந்த மெக்கானிக், "இதுல யாரோ பாஸ்வேர்டு போட்டு வச்சிருக்காங்கக்கா, உள்ள போக முடியல" என்று கையை விரித்தான். அக்கா ஒரு டப்பா மக்ரூனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு மாடிப்படி ஏறினாள். மக்ரூனை வாங்கிக்கொண்டார். வந்தார். டீ சொல்லச் சொன்னார். ஓடியது.

"ஆக்கங்கெட்ட மூதி, அந்தப் பூட்டப் போட்டதே இவருதான்" என்று அக்கா என்னிடம் பல்லைக் கடித்தாள். அவர் காதுபடச் சொல்ல அவளுக்கும் தைரியம் இல்லை.

இனி என் கதை.

ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவள் நான். கல்யாணமோ கண்ணீர் அஞ்சலியோ, ஆளைப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்துத்தான் ஃப்ளெக்ஸில் வைக்க வேண்டும். முடி, காது, தோள் என்று ஓரம் பிடித்தே சுற்றி வர வேண்டும். மவுஸைப் பிடித்துப் பிடித்து என் வலது மணிக்கட்டு போயிற்று. காலையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க முடியாது. இனிமேல் மவுஸைத் தொட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். கடல் கலங்கிவிட்டால் மாதக்கணக்கில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் தருவைகுளத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது என் சம்பளத்தில். அந்த நாற்காலி போனால் எனக்கு வேறு நாற்காலி இல்லை.

பேனாவால் வரைகிற டேப்லெட் ஒன்று இருக்கிறது, அதில் மணிக்கட்டுக்கு வலி வராது என்று யாரோ சொல்ல, சீட்டு எடுத்து ஒன்று வாங்கினேன். தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பலகை, மேலே ஓட்ட ஒரு பேனா. கடையில் எல்லாரும் அதைச் சிலேட்டு என்றார்கள். கம்ப்யூட்டரில் மாட்டினால் டொங் என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு சரி, பேனா நகரவில்லை. திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம் மட்டும் வந்து நின்றது.

எங்கள் கம்ப்யூட்டர் பழசு. ஃப்ளெக்ஸ் அடிக்கிற மிஷின் அந்தப் பழைய விண்டோஸோடு மட்டும்தான் பேசும். கம்ப்யூட்டரை மாற்றினால் மிஷினையும் மாற்ற வேண்டும். முதலாளி அண்ணாச்சி அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். அதனால் அவரைத்தான் கூப்பிட்டேன்.

முக்கோணத்தைப் பார்த்ததுமே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "டிரைவர் கேக்கு" என்றார்.

"டிரைவர்னா என்ன அண்ணாச்சி?"

"புதுசா ஒண்ண மாட்டுனா, இத இப்படி இப்படி ஓட்டணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுத சாமான். அது ஒனக்கு எதுக்கு? ஒனக்குப் பேனா ஓடுனா போதும்லா."

டேப்லெட் வந்த பெட்டிக்குள் ஒரு சிடி இருந்தது. அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது ஒனக்கு ஆகாது, புது மிஷினுக்கு உள்ளது" என்று சொல்லித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் ஒன்றும் நினைக்கவில்லை. அப்புறம் டீ.

திரும்பி வந்து பேனாவை வைத்தேன். திரையில் அம்புக்குறி என் கையோடு நகர்ந்தது. மாதாவே, எவ்வளவு சுகம்! ஒரு கல்யாணப் பெண்ணின் தலைமுடியை ஒரு இழை விடாமல் வெட்டினேன். மணிக்கட்டில் ஒரு சுருக்கும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் காலில் விழாத குறை.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "மிஷின ஆஃப் பண்ணிராத."

காற்றடித்தால் கரண்ட் போகிற ரோட்டில் இதைவிட நல்ல யோசனை இருக்க முடியுமா? கரண்ட் போகும். பேட்டரியும் பழசு, கண் மூடித் திறப்பதற்குள் அணைந்துவிடும். திரும்பக் கம்ப்யூட்டர் வரும்போது மஞ்சள் முக்கோணமும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். பேனா செத்துக் கிடக்கும். உடனே அவருக்குப் போன். கல்யாண வீட்டுக்குக் கிளம்பி வருகிற மாதிரி முகத்தில் பவுடரோடு வந்து நிற்பார். "என்ன பிள்ள, நான் இல்லாம முடியலயா?" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டீக்கடைக்குப் போகிற வழியில் கண்ணாடிக் கதவு வழியாக ஒன்று மட்டும் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரை அணைத்து, திரும்ப அது கண் விழிக்கிற நேரத்தில் எதையோ அழுத்துவார். கீபோர்டில் எந்தக் கட்டையை, எப்போது, அது மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் நடக்கும்.

ஆவணி முகூர்த்தம் வந்தது. கடையில் கல்யாண ஃப்ளெக்ஸ் குவிந்து கிடந்தது. ஒரு வியாழக்கிழமை காலையிலேயே கரண்ட் போய் வந்தது. பேனா செத்தது. போன் போட்டால் அவர் நாசரேத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்.

"அண்ணாச்சி, போன்லயே சொல்லுங்க. நான் செய்யுதேன்."

"அது போன்ல சொல்லுத சோலி இல்ல பிள்ள. நான் வந்து பாக்கேன். ஒண்ணயும் தொட்டுராத."

"எப்ப வாரீய?"

"ஞாயித்துக்கெழம ஆராதன முடியட்டும்."

"அண்ணாச்சி, அதுக்குள்ள முதலாளி வேற ஆளக் கூட்டிட்டு வந்துருவாரு. என் சோலி போயிரும். ஒங்க பேத்தி மேல ஆணையாச் சொல்லுதேன், யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எந்தக் கட்டய அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

பின்னால் குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நான் வந்தா சரியாயிரும்லா" என்றார். குரலில் ஒரு குழைவு. "கவலப்படாத."

மறுநாளே முதலாளி ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். இருபது வயது இருக்கும். மவுஸ் அவள் கையில் பம்பரமாகச் சுற்றியது. எனக்குத் தரையில் இடம். அடித்து வந்த ஃப்ளெக்ஸின் ஓரத்தை மடித்து, கயிறு கட்டுவதற்கு மூலைக்கு மூலை பித்தளை வளையம் வைத்துச் சுத்தியலால் அடிக்கிற வேலை. இடது கையால் அடிக்கப் பழகிக்கொண்டேன். சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. திங்கட்கிழமை அவர் வந்தார். டீ சொல்லச் சொன்னார். பேனா ஓடியது. பிடிக்கத்தான் அங்கே கை இல்லை.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "ஏளா, இந்தச் சிலேட்டு ஒரு மாசம் மக்கர் பண்ணாம ஓடட்டும். அந்த நாற்காலி ஒனக்குத்தான். நானும் வியாபாரம் பாக்கணும்லா?" என்றார். அது நியாயம்தான்.

அப்போதுதான் டேப்லெட் பெட்டியில் போட்டிருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். தமிழுக்கு இதை அழுத்து, அதற்கு அதை அழுத்து என்று சுற்றவிட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தாள். நல்ல பொறுமைசாலி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், உங்க கம்ப்யூட்டர் எந்த டிரைவரைப் போட்டாலும் அதுல கம்பெனி முத்திரை இருக்கான்னு பார்க்குது. உங்களுக்குப் போட்டிருக்கிறதுல முத்திரை இல்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ அந்தச் சோதனையை நிறுத்திட்டு உள்ளே விடறாங்க" என்றாள். துறைமுக கேட்டில் பாஸ் இல்லாத லாரியை, இன்றைக்கு மட்டும் போ என்று தெரிந்தவர்கள் சொல்லி உள்ளே விடுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். மறுநாள் அதே லாரி அதே கேட்டில் மறுபடி நிற்கும்.

"அப்ப பாஸ் எங்கன கெடைக்கும்?" என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. திருத்திக் கேட்டேன்.

"பெட்டியிலயே ஒரு சிடி கொடுத்திருப்போமே மேடம். பழைய கம்ப்யூட்டருக்கான டிரைவர் அதுலதான் இருக்கு. ஒரு தடவை போட்டுட்டா அப்புறம் கேட்கவே கேட்காது. நெட்ல இப்ப புதுசு மட்டும்தான் வெச்சிருக்காங்க, பழசை எடுத்துட்டாங்க. சிடியை மட்டும் தொலைச்சுடாதீங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை போட்டால் போதுமாம். அந்த மனுசன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துப் படித்துவிட்டுத்தானே பைக்குள் போட்டார்?

அடுத்து அவர் கடைக்கு வந்தபோது நேராகவே கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்த சிடியத் தாங்க."

"எந்த சிடி?"

"சிலேட்டுப் பெட்டியில இருந்தது. நீங்கதான் பையில போட்டீய."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "அதா… அது வெள்ளத்துல போயிட்டு பிள்ள."

"வெள்ளம் வந்தது அதுக்கு முந்துன வருஷம்லா அண்ணாச்சி."

என் கையைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க, எப்படி வீங்கிக் கெடக்குன்னு. ஒங்க நாற்காலிய ஒருத்தன் எடுத்தான், சரி. நான் ஒங்க நாற்காலியவா கேக்கேன்? என் நாற்காலியத் தானே கேக்கேன்? அத எதுக்கு நீங்க பைக்குள்ள வச்சிருக்கீய?"

புது டிசைன் பெண் மவுஸை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். காலண்டர் பக்கம் பார்வை போயிற்று.

"ஒரு டீ சொல்லு பிள்ள" என்றார்.

போனேன். வாங்கி வந்தேன். ஆனால் மேஜையில் வைக்கவில்லை. அவர் கையிலேயே கொடுத்து, "குடிங்க அண்ணாச்சி" என்று முன்னாலேயே நின்றேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் மருந்து குடிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஒருவேளை சிடி வரும் என்று சில நாள் எதிர்பார்த்தேன். எனக்குக் கிறுக்கு.

சிடி வரவில்லை, சாவுச் செய்திதான் வந்தது. நெஞ்செரிச்சல் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது நெஞ்சு வலியாம். விடிகாலையில் பாத்ரூம் போனவர் திரும்பவில்லை.

கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு பெரிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைப்பது என்று முடிவானது. போட்டோ வாங்கி வர முதலாளி என்னைத்தான் அனுப்பினார். அவர் வீடு மாடியில் இருந்தது. எந்த வெள்ளமும் ஏறாத மாடி. சவப்பெட்டிக்குள் அதே இஸ்திரிச் சட்டையோடு படுத்திருந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒன்னப் பத்திதான் தாயி அடிக்கடி பேசுவாரு. அந்தப் பிள்ளைக்கு நான் இல்லன்னா ஒரு நாள் ஓடாதும்பாரு. நான் போயிட்டா அந்த ரோடே படுத்துரும், பாத்துக்கோன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இப்படி ஒரேயடியாப் போயிட்டாரே!"

எனக்கும் அழுகை வந்தது. எதற்கு வந்தது என்று கேட்காதீர்கள். அப்போதுதான் அந்தக் கறுப்பு ரெக்ஸின் பையைப் பார்த்தேன். அந்த அம்மா அதை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய், பெட்டிக்குள் அவர் காலடியில், வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே சிடிகளின் ஓரம் பளபளவென்று தெரிந்தது.

"அம்மா, அத எதுக்கு உள்ள வைக்கீய?"

"அவரு உசுரே அதுலதான இருந்துது. யாரும் தொடக் கூடாதும்பாரு. அவரோடவே போகட்டும்."

"அம்மா, தப்பா நெனைக்காதீய. அதுல என் சிடி ஒண்ணு கெடக்கு. ஒரே ஒரு சிடி. நான் எடுத்துக்கிடட்டா?"

அழுகை அப்படியே நின்றுபோயிற்று. அந்த அம்மா என்னை யாரோ மாதிரி பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு கிழவி சத்தம் போட்டாள்.

"யம்மா, எழவு வீட்டுல வந்து செத்தவரு சாமானக் கேக்கா பாருங்க! இவளுக்கெல்லாம் நெஞ்சுல ஈரம் இருக்கா? போளா அங்கன!"

போட்டோவை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

டிசைன் பெண் அன்றைக்கு லீவு. "நீயே போடுளா. அவரோட பழகுனவ நீதான" என்றார் முதலாளி. எவ்வளவோ நாளைக்கு அப்புறம் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். முந்தின நாளே கரண்ட் போய் வந்திருந்தது. மஞ்சள் முக்கோணம். பேனாவை வைத்து இழுத்துப் பார்த்தேன். அம்புக்குறி அசையவில்லை. போன் போட இனி ஆளும் இல்லை.

மவுஸைப் பிடித்தேன். சட்டை, தோள் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். காதுக்கு வந்தபோது மணிக்கட்டில் கத்தி இறங்கின மாதிரி ஒரு வலி. மவுஸ் சறுக்கியது. வலது காதில் பாதி போய்விட்டது. திரும்பச் சுற்றினேன். திரும்பவும் போயிற்று. நாலு மணிக்கு அடக்கம், நேரமில்லை. அப்படியே அடிக்கக் கொடுத்தேன்.

மிஷினிலிருந்து ஃப்ளெக்ஸ் இறங்க இறங்க, கடைக்காரர்கள் எல்லாரும் கைகட்டிச் சுற்றி நின்றார்கள். முதலில் தலை வந்தது.

"என்ன ஏளா, காதக் காணும்?" என்றார் முதலாளி.

"சிலேட்டு ஓடல அண்ணாச்சி."

அவர் உச்சுக் கொட்டினார். "அவரு இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? ஒரு போன் போட்டா வந்து நின்னுருப்பாரு."

"நேத்துல இருந்து என் பில் மிஷினும் ஓடல" என்றார் மருந்துக் கடைக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரு கை பட்டாத்தான் ஓடும். அப்பேர்ப்பட்ட மனுசன்."

"எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் வே. அவரு போனாரு, எல்லாம் போச்சு. அந்தக் கை யாருக்கு வரும்?" என்றார் லாரி புக்கிங்காரர்.

ஜெராக்ஸ் கடை அக்காவைப் பார்த்தேன். நீயாவது சொல்லேன் என்று பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "ஆமா, தங்கமான மனுசன்" என்றாள். அவர் பூட்டிவிட்டுப் போன பூட்டு ஒவ்வொன்றும் அவருக்கு மாலையாக விழுந்துகொண்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் இன்னொரு முறை எழவு வீட்டுப் பட்டம்தான் எனக்குக் கிடைக்கும்.

முதலாளி என் கையைப் பார்த்தார், ஃப்ளெக்ஸில் அந்த அரைக் காதைப் பார்த்தார். "நீ இனி கீழ் வேலையே பாருளா. மேல ஏற வேண்டாம். அந்தச் சிலேட்ட வீட்டுக்குக் கொண்டு போயிரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். ஃப்ளெக்ஸைத் தரையில் விரித்து ஓரத்தை மடித்தேன். காலண்டரைப் பார்க்கிற அதே அமைதியோடு அவர் என் முட்டிக்குக் கீழே படுத்திருந்தார். 'உங்கள் சேவையை என்றும் மறவோம்' என்று அவர் நெஞ்சுக்குக் கீழே சிவப்பில் எழுதியிருந்தது. நான்தான் எழுதினேன். மூலையில் வளையத்தை வைத்து, இடது கையில் சுத்தியலை எடுத்தேன்.

நாலு மூலைக்கும் அடித்தேன். கொஞ்சம் ஓங்கியேதான் அடித்தேன்.